மகளின் கையில் பேனாவைக் கொடுங்கள், ஏஜென்ட்டின் கையில் முன்பணத்தைக் கொடுக்காதீர்கள்

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “கணவர் தையல் கடை வைத்திருக்கிறார். மகள் இரண்டாம் பி.யூ.சி. (பிளஸ் டூ) படிக்கிறாள். இன்ஜினியரிங் முடித்தாலே மாதம் ஒரு லட்சம் சம்பளம் என்று நம்புகிறாள். அட்மிஷன் ஏஜென்ட் ஒருவர் மேனேஜ்மென்ட் சீட்டும் 10 லட்சம் கல்விக் கடனும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். படிப்பு, வேலை, வருமானம், வாழ்க்கை இவற்றுக்குள்ள தொடர்பை அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது?”

அறிவுரையாகச் சொன்னால் அந்த வயதில் காதில் ஏறாது, அம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை விரித்து வைத்து, மகளையே எழுதச் சொல்லுங்கள். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் புதிதாகச் சேரும் பட்டதாரிகள் பலருக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சம் அளவில்தான் தருகின்றன. அதில் பி.எஃப்., கிராஜுவிட்டி, தொழில் வரி எல்லாம் போகக் கைக்கு வருவது மாதம் சுமார் 25,000 ரூபாய். முதல் வரியில் அவள் எழுத வேண்டியது இந்தத் தொகையைத்தான். கல்லூரி விளம்பரத்தில் படத்தோடு அச்சிடப்படும் ஒரே ஒரு மாணவரின் சம்பளத்தை அல்ல.

அடுத்த வரி கடன். ஆண்டுக்கு இரண்டரை லட்சமாக நான்கு ஆண்டுகளில் 10 லட்சம் வாங்கி, வட்டி 10 சதவீதம் (தவணை தொடங்கும்வரை தனி வட்டி) என்று வைத்துக்கொண்டால், படிப்பு முடிந்து ஓராண்டு அவகாசமும் கழிந்து தவணை தொடங்கும்போது கடன் ஏறத்தாழ பதிமூன்றரை லட்சமாக நிற்கும். அதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 17,800 ரூபாய் கட்ட வேண்டும். மிச்சமுள்ள 7,200 ரூபாயில் மெட்ரோ, மதியச் சாப்பாடு, போன், துணிமணி, வீட்டுக்குத் தர நினைக்கும் பணம் என்று அவளே பங்கு போடட்டும். எட்டாம் வகுப்பிலேயே கூட்டு வட்டி சொல்லித் தரும் நம் பள்ளிகள், அந்தக் கணக்கை ஒரு சம்பளச் சீட்டோடு ஒரு தடவைகூடப் பொருத்திக் காட்டாமல் பிள்ளைகளை வெளியே அனுப்புவது எனக்கு ஆறாத கோபத்தைத் தருகிறது.

இனி அந்த ஏஜென்ட். ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும் என்பதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திடுவதால், மகள் தவணை தவறினால் கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் உங்கள் கணவருக்கும் சரியும். நாளைக்குக் கடைக்கென்று கடன் கேட்டால் வங்கி கையை விரிக்கும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டம், தேர்ந்தெடுத்த கல்லூரிகளுக்கு ஈடில்லாமல் கடன் தருகிறது. ஆனால் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அது கிடையாது. “இன்றே முன்பணம் கட்டுங்கள், இல்லையென்றால் சீட் போய்விடும்” என்று அவசரப்படுத்துகிறவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இந்த ஏஜென்ட்டுகள் தமிழ்க் குடும்பங்களிடம் சொல்லும் இன்னொரு பொய், “நீங்கள் வெளிமாநிலத்தவர், உங்களுக்கு அரசு ஒதுக்கீடு கிடையாது” என்பது. வீட்டில் என்ன மொழி பேசுகிறோம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முதல் வகுப்பு முதல் இரண்டாம் பி.யூ.சி. வரையிலான காலத்தில் ஏழு கல்வியாண்டுகள் கர்நாடகத்தில் படித்து, பத்தாம் வகுப்பையோ இரண்டாம் பி.யூ.சி.யையோ இங்கே தேறியிருந்தால், கர்நாடகத் தேர்வு ஆணையமான கே.இ.ஏ. நடத்தும் சி.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாக அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு உங்கள் மகள் போட்டியிடலாம். தருமபுரியிலோ வேலூரிலோ பாட்டி வீட்டில் ஐந்தாம் வகுப்பு வரை படித்துவிட்டு ஆறாம் வகுப்பில் பெங்களூருக்கு வந்த பிள்ளைகள் நம்மிடையே நிறைய உண்டு; ஆறிலிருந்து எண்ணினால் சரியாக ஏழு ஆண்டுகள் வரும். இடையில் ஓராண்டு ஊருக்குத் திரும்பிப் படித்திருந்தால் ஆறாகிவிடும், அந்த ஓராண்டு எல்லாவற்றையும் மாற்றிவிடும். ஆகவே வகுப்புவாரியாக, பள்ளிவாரியாக எண்ணிப் பாருங்கள். இத்தனை எளிய விதியை எல்லாப் பள்ளி வாசலிலும் எழுதி ஒட்டாமல், விண்ணப்பக் கையேட்டின் நடுவில் புதைத்து வைப்பதால்தான் இடைத்தரகர் பிழைக்கிறார்.

ஏழு தேறாவிட்டால், கர்நாடகத் தனியார் கல்லூரிகளில் சேர எல்லா மாநிலத்தவருக்கும் பொதுவான காமெட்-கே நுழைவுத் தேர்வு இருக்கிறது. கட்டணம் கூடுதல் என்பதால் அந்தத் தொகையை வைத்து நோட்டுக் கணக்கை மறுபடி போடச் சொல்லுங்கள். மகள் படித்த ஒவ்வொரு பள்ளியிலும், அங்கே படித்த ஆண்டுகளைக் காட்டும் படிப்புச் சான்றிதழை இந்த மாதமே கேட்டு வாங்கிவிடுங்கள். பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளியிலிருந்து தொடங்குங்கள், அங்கேதான் தாமதமாகும்.