எட்டாத உச்சியை என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 61 வயது, ஊர் தங்கச்சிமடம். இலங்கை வானொலியில் பொப்பிசை கேட்டு வளர்ந்த நாங்கள் நாலு பேர் 1980-களின் கடைசியில் ஒரு ராக் குழு வைத்திருந்தோம். பாம்பனிலிருந்து தொண்டி வரை திருவிழா மேடைகளில் பாடினோம். நான் மெட்டுப் போட, கிட்டார் வாசித்த நண்பன் எழுதிய மெதுவான காதல் பாட்டு ஒன்று கேசட்டாகவும் வந்தது. நண்பன் இப்போது இல்லை. அந்தப் பாட்டை மறுபடி பதிவு செய்யலாம் என்கிறான், வீட்டிலேயே ஸ்டுடியோ வைத்திருக்கும் என் அக்கா மகன். சரணத்தின் உச்சி எனக்கு இப்போது எட்டவில்லை. கம்ப்யூட்டரில் சரிசெய்யலாம் என்கிறான். மனைவியோ, “இருக்கிற பேரைக் கெடுத்துக்காதீங்க” என்கிறார். பாடலாமா?

பதில்: பாடுங்கள் அண்ணே. ஆனால் கேசட்டில் பாடும் அந்த இளைஞனோடு போட்டிக்குப் போகாதீர்கள். பழையதை அச்சு அசலாக நகலெடுக்கப் போனால் உங்கள் வீட்டம்மா பயப்படுவதுதான் நடக்கும்.

நகலெடுப்பதற்கும் சிலருக்குக் காரணம் இருந்திருக்கிறது. டெஃப் லெப்பர்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழு 2012-ல் தங்கள் பழைய வெற்றிப் பாட்டுகள் சிலவற்றை முன்பு இருந்த மாதிரியே மறுபடி பாடிப் பதிந்தது. இணைய விற்பனைப் பணம் பற்றி இசை நிறுவனத்தோடு தகராறு. உங்களுக்கு யாரோடும் அப்படி வழக்கு இல்லையே.

நீங்கள் கேட்க வேண்டியது கனடாப் பாடகி ஜோனி மிட்செலின் பாட்டை. கறாராகப் பார்த்தால் அவர் ராக் பாடகி இல்லை, இருந்தாலும் ராக் உலகம் அவரைத் தன் ஆளாகவே கொண்டாடுகிறது. ‘போத் சைட்ஸ் நவ்’ பாட்டை 1969-ல், இருபத்தைந்து வயதில், கிட்டாரோடு மெல்லிய உயர்ந்த குரலில் பாடினார். 2000-ல் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவோடு அதையே மறுபடி பாடினார். குரல் நன்றாக இறங்கிக் கரகரத்துவிட்டது, அதை மறைக்கவே இல்லை. வாழ்க்கையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன் என்று சொல்கிற பாட்டு அது. ஐம்பத்தாறு வயதில் சொல்லும்போதுதான் எனக்கு நம்பிக்கை வருகிறது. யூ2 என்ற அயர்லாந்து ராக் குழுவும் 2023-ல் தங்கள் 40 பாட்டுகளை மறுபடி பதிந்தபோது பலவற்றில் சுருதியை இறக்கியது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதலில் பழைய கேசட்டைக் கணினியில் ஏற்றி வையுங்கள். உப்புக்காற்றும் ஈரமும் உள்ள கரையில் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கலாம். பிடித்திருந்தால் பிளேயரில் போடாமல், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இன்னொன்று, வீட்டு டூ-இன்-ஒன்னில் கேட்டுச் சுருதியை முடிவு செய்யாதீர்கள். ரப்பர் பெல்ட் தளர்ந்தால் நாடா மெதுவாக ஓடும், சுருதியும் தாழ்ந்து கேட்கும். அன்று எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில், பாடினோம் என்று மற்ற இரண்டு நண்பர்களைக் கேளுங்கள்.

நாலு கட்டை என்றால் இரண்டரைக்கு இறக்கிப் பாருங்கள், போதாவிட்டால் இரண்டு. உச்சி தொண்டை இறுகாமல் அடுத்தடுத்து மூன்று தடவை வர வேண்டும். ரொம்ப இறக்கினால் பல்லவியின் கீழ் ஸ்வரங்கள் காற்றாகப் போய்விடும், இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் இடம். வயதானால் வேகத்தையும் குறைத்தால் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். மெதுவாகப் பாடினால் ஒவ்வொரு வரியும் நீளும், மூச்சும் கூடுதலாக வேண்டும். அதனால் சுருதியை இறக்குங்கள், வேகத்தை அவ்வளவாகத் தொடாதீர்கள். நீண்ட வரியை இரண்டு மூச்சில் பாடினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

மருமகனின் மென்பொருள் கொஞ்சம் விலகிய ஸ்வரத்தைச் சரியான இடத்தில் உட்கார வைக்கும், அவ்வளவுக்குப் பயன்படுத்தலாம். இறுக்கிப் பிடித்துப் பாடிய தொண்டையை அது இளக்காது. கீழே பாடியதை மேலே தூக்கினாலோ குரலே வேறு யாருடையதோ ஆகிவிடும். அப்புறம், கச்சான் காற்று போட்டு அடிக்கிற ஆடி மாதத்தில் வீட்டு ஸ்டுடியோ வேண்டாம். ஜன்னல் அதிர்வதையும் சேர்த்துத்தான் மைக் பிடிக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மெட்டு உங்களுடையது, வரிகள் நண்பருடையவை. நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் இறந்த பிறகும் 60 ஆண்டு அந்த உரிமை நீடிக்கும். கேசட் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்காதிருந்தால் அது இப்போது அவர் குடும்பத்துடையது. பழைய ஒலிப்பதிவின் உரிமை தனி. அதிலிருந்து நண்பரின் கிட்டாரை வெட்டி ஒட்டும் ஆசை மருமகனுக்கு வந்தால், கேசட் வெளியிட்டவரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். நண்பர் வீட்டுக்கு நேரில் போய், வருமானத்தில் பங்கும் பேசி, சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் வேறு பாட்டைப் பாடுங்கள்.