அப்பனோடு சேர்த்தால் ரத்தம் சுத்தமாக இருக்குமா?

கேள்வி: எங்கள் வீட்டில் 2 வயது ராஜபாளையம் பெட்டை இருக்கிறது. அதே ஈத்தில் பிறந்த ஆண் நாயும் எங்களிடம்தான் வளர்கிறது. அடுத்த ஹீட்டில் கிராஸ் போடலாம் என்று இருக்கிறோம். குட்டிகளைத் தந்தவர், ‘வெளி நாய் எதுக்கு? அப்பனோடவே போடுங்க. ரத்தம் கலக்காது, அச்சு மாறாம குட்டி வரும்’ என்கிறார். ஆனால் அந்த ஈத்தில் இன்னொரு குட்டிக்குக் காது கேட்காது என்று பிறகு தெரியவந்தது. அவர் சொல்வதைக் கேட்கலாமா?
– ஒரு வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: வேண்டாம். அப்பனும் வேண்டாம், கூடப்பிறந்தவனும் வேண்டாம்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. நெருங்கிய உறவில் சேர்த்தால் உயரம், முகவெட்டு, வெள்ளை நிறம் எல்லாம் ஒரே வார்ப்பாக வரும். குறைகள் வெளியே வருவதும் அதே வழியில்தான். ஒவ்வொரு ஜீனும் நாயிடம் இரண்டு பிரதிகளாக இருக்கும், தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. பல குறைகள் ஒரு பிரதியில் மட்டும் இருந்தால் தலைகாட்டாது. அப்பனிடம் அப்படி ஒரு குறை ஒளிந்திருக்கிறது என்று வையுங்கள். உங்கள் பெட்டைக்கு அது வந்திருக்க 2-ல் 1 வாய்ப்பு. வந்திருந்தால், அப்பனோடு சேர்த்துப் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் இரண்டு பிரதியும் கெட்டதாக அமைய 4-ல் 1. ஆக மொத்தம் 8-ல் 1. இது ஒரே ஒரு குறைக்கான கணக்கு. ஒரு நாயிடம் ஒளிந்திருப்பது ஒன்றோடு நிற்காது.

உறவு எவ்வளவு நெருக்கம் என்பதற்கு ஒரு அளவுகோல் உண்டு. அமெரிக்க மரபியலாளர் செவால் ரைட் 1922-ல் தந்த கணக்கு அது. தாளில் வம்சப் படம் வரையுங்கள். ஆண் நாயில் தொடங்கி, இருவருக்கும் பொதுவான மூதாதை வரை ஏறி, அங்கிருந்து பெட்டை வரை இறங்குங்கள். வழியில் எத்தனை நாய் என்று எண்ணுங்கள், மூதாதையையும் சேர்த்து. 1-ஐ அத்தனை முறை பாதியாக்குங்கள். அப்பன்–மகள் என்றால் அப்பனே மூதாதை, வழியில் 2 நாய்: 25 சதவீதம். அப்பன் மட்டும் ஒன்றான அண்ணன்–தங்கை என்றால் 3 நாய்: 12.5. ஒரே ஈத்து என்றால் தாய் வழி ஒன்று, தகப்பன் வழி ஒன்று, இரண்டையும் கூட்டினால் மறுபடி 25. தாய்மாமன்–மருமகள் உறவுக்கு 12.5. நம் குடும்பங்களில் அக்கா மகளைக் கட்டும்போது டாக்டர்கள் முகம் சுளிப்பது இந்த எண்ணுக்குத்தான். நாயில் அதன் இரண்டு மடங்கைச் சாதாரணமாகப் பேசுகிறோம்.

இங்கிலாந்தின் கென்னல் கிளப் அப்பன்–மகள், தாய்–மகன், உடன்பிறப்புச் சேர்க்கையில் பிறக்கும் குட்டிகளைப் பதிவுசெய்வதை 2009-லேயே நிறுத்திவிட்டது. ‘லைன் பிரீடிங்’ என்று பெயர் மாற்றிச் சொன்னாலும் இந்தக் கணக்கு மாறாது.

என்னென்ன கெடும்? முதலில் எண்ணிக்கை. ஈத்துக்கு ஈத்து குட்டி குறையும். பிறந்ததில் ஒன்றிரண்டு பால் குடிக்கச் சீவனில்லாமல் முதல் வாரத்திலேயே சாகும். அண்ணப்பிளவு, தொப்புளில் குடலிறக்கம், விரை இறங்காமை, மருந்து நிறுத்தியதும் திரும்பி வரும் டெமோடெக்ஸ் (தோலில் வாழும் நுண்பூச்சியால் வருவது) சொறி ஆகியவை அடிக்கடி தென்படும். விரை 2 மாதத்தில் பையில் தட்டுப்பட வேண்டும், 6 மாதமாகியும் இல்லையென்றால் அந்த நாயைக் கிராஸுக்கு விடக்கூடாது.

உங்கள் ஈத்தில் காது கேளாத குட்டி பிறந்தது சின்ன விஷயமல்ல. ராஜபாளையத்தில் பலகாலமாகச் சொல்லப்படும் குறை இது. உள்காதில் நத்தைக்கூடு போன்ற பகுதியில் நிறமி செல்கள் இருந்தால்தான் ஒலியை உணரும் நுண்மயிர் செல்கள் பிழைக்கும். வெள்ளை நாய்களில் நிறமி செல்கள் அங்கே போய்ச் சேராவிட்டால், பிறந்த 3, 4 வாரத்தில் நுண்மயிர் செல்கள் பட்டுப்போகும். ரோஸ் மூக்கும் தூய வெள்ளையும் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேடித் தேடிச் சேர்த்தவர்கள், தெரியாமலே இதையும் கூடச் சேர்த்துவிட்டார்கள். மேலே சொன்ன 8-ல் 1 கணக்குக் காதுக்கு அப்படியே பொருந்தாது, இதில் பல ஜீன்கள் சம்பந்தப்படுகின்றன. ஆனால் செவிட்டுக் குட்டி கொடுத்த அப்பனையே திரும்பப் பயன்படுத்துவது வலியப் போய் வாங்குவது.

உங்கள் பெட்டைக்கே ஒரு காது கேட்காமல் இருக்கலாம். ஒரு காது கேட்டால் நாய் கூப்பிட்டதும் வந்துவிடும், நமக்குத் தெரியாது. சத்தம் வரும் திசையை விட்டு வேறு பக்கம் திரும்பினால் சந்தேகப்படுங்கள். உறுதியாகச் சொல்ல, தலையில் மெல்லிய ஊசி முனைகள் வைத்து மூளைக்குச் செல்லும் மின்துடிப்பை அளக்கும் பி.ஏ.இ.ஆர். சோதனை ஒன்றுதான் வழி. கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். ஒரு காது போனாலும் கிராஸ் வேண்டாம்.

பிறக்கும் குட்டிகளை 5 வாரம் தாண்டியதும் ஒவ்வொன்றாகத் தனி அறையில் பாருங்கள். கூட்டத்தில் பார்த்தால் செவிட்டுக் குட்டி மற்றதைப் பார்த்துத் திரும்பிவிடும். அது தூங்கும்போது பின்பக்கமிருந்து சாவிக்கொத்தை ஆட்டுங்கள். கைதட்டினால் காற்று மேலே படும், தரையைத் தட்டினால் அதிர்வு போகும், இரண்டும் ஏமாற்றும்.

ஆண் நாய் தேடும்போது ஊர் தூரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெயர்பெற்ற ஒரு ஆண் நாயை மாவட்டமே கிராஸுக்குக் கூப்பிட்டிருக்கும். 80 கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் பிடிக்கும் நாய் உங்கள் பெட்டைக்கு ஒன்றுவிட்ட அண்ணனாக இருக்கலாம். கென்னல் கிளப் பேப்பர் இருந்தால் இரு பக்கமும் மூன்று தலைமுறையின் 14 பெயர்களையும் எழுதி ஒப்பிடுங்கள். பேப்பர் இல்லையென்றால் தாயும் தகப்பனும் யாரிடம் வாங்கியவை, அந்த வீட்டுக்கு எங்கிருந்து வந்தவை என்று கேட்டுக் கேட்டு அதே படத்தை வரையுங்கள். கணக்கு 6.25 சதவீதத்துக்குமேல் வந்தால் விட்டுவிடுங்கள். பொதுவான மூதாதை யாரும் இல்லாத நாய் கிடைத்தால், பெட்டையின் வம்சம் எவ்வளவு நெருக்கமாகச் சுருங்கியிருந்தாலும் குட்டிகளின் எண் ஒரே தலைமுறையில் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

இனம் முழுவதற்குமே வெளி ரத்தம் தேவைப்படும் இடமும் உண்டு. டால்மேஷியன் நாய்களில் சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து கல் உண்டாக்கும் குறை இனம் முழுவதும் பரவியிருந்தது. இனத்துக்குள் தேடினால் நல்ல ஜீன் இல்லை. 1973-ல் ஒரே ஒரு முறை பாயின்டர் நாயோடு சேர்த்து, பிறந்த குட்டிகளை மறுபடி டால்மேஷியனோடு சேர்த்துச் சேர்த்துத்தான் அதை மீட்டார்கள்.

கடைசியாக, வீட்டிலிருக்கும் அண்ணன். அவனுக்குக் கருத்தடை செய்துவிடுங்கள், செய்தபின்னும் ஒரு மாதம் தள்ளியே வையுங்கள். அதற்குள் ஹீட் வந்தால், ரத்தம் தெரிந்த நாளிலிருந்து குறைந்தது 21 நாள் அவன் வேறு வீட்டில் இருக்கட்டும். நடுவில் கம்பிக் கதவு என்பது போதாது, கம்பி வழியாகவே சேர்ந்த கதைகள் உண்டு. தப்பிப்போய்ச் சேர்ந்துவிட்டால் பின்னிக்கொண்டிருப்பவற்றை இழுத்துப் பிரிக்காதீர்கள், இரண்டுக்கும் காயமாகும். விட்டதும் டாக்டரிடம் கொண்டுபோங்கள். மருந்துக்கடையில் ஹார்மோன் ஊசி வாங்கி நீங்களாகப் போட்டால் கர்ப்பப்பையில் சீழ் வைக்கலாம்.