புது ஆல்பம் வந்த வாரமே வரும் விமர்சனத்தை நம்பலாமா?

மதிப்பெண்ணை நம்பாதீர்கள், வர்ணனையை நம்பலாம். இரண்டே நாளில் நாலு தடவை கேட்டுவிட்டு பத்துக்கு ஏழு என்று போட்டாக வேண்டிய ஆளை நினைத்துப் பாருங்கள், பாவம். அவசரத்தில் அவர் எழுதுவது பெரும்பாலும் தான் எதை எதிர்பார்த்தார் என்பதைத்தான்.

வீசர் இசைக்குழுவின் பிங்கர்டன் 1996-ல் வந்தது. முதல் ஆல்பம் மாதிரி பளபளப்பான ராக் கிடைக்கும் என்று உட்கார்ந்தவர்களுக்குக் கரடுமுரடான கிட்டாரும், டைரியைக் கிழித்துப் படிப்பது போன்ற புலம்பலும் கிடைத்தன. ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் வாசகர்கள் அதை அந்த வருடத்தின் மோசமான ஆல்பங்களில் மூன்றாவதாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2004-ல் அதே பத்திரிகை அதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளமும் டாஃப்ட் பங்க் இசைக்குழுவின் டிஸ்கவரி ஆல்பத்துக்கு முதலில் 6.4 போட்டுவிட்டு, 2021-ல் திருத்தி முழுசாக 10 கொடுத்தது.

சரி, கிளாசிக் என்று முத்திரை குத்தியதையாவது நம்பலாமா என்றால், அதுவும் அப்படித்தான். ரோலிங் ஸ்டோனின் 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் 2003-ல் முதலிடம் பீட்டில்ஸின் சார்ஜென்ட் பெப்பருக்கு. 2020-ல் அது 24-க்கு இறங்கிவிட்டது. ஓட்டுப் போட்டவர்கள் மாறியதுதான் காரணம், ரெக்கார்டு என்னவோ அதேதான். (எனக்கு அதில் கடைசிப் பாட்டு உயிர், பாதிப் பாடல்கள் சாமர்த்தியமாக இருக்கின்றன, மனதில் ஒட்டவில்லை.)

2020-ல் முதலிடத்துக்கு வந்தது பாடகர் மார்வின் கேயின் வாட்ஸ் கோயிங் ஆன், 1971. இதை ஹெட்ஃபோனில் கேளுங்கள். முதல் பாட்டில் இரண்டு மார்வின் கேய் பாடுவார்கள், ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர் உள்ளே வந்துவிடுவார். ஒப்பிட்டுப் பார்க்கத் தனித்தனியாகப் பாடி வைத்திருந்த இரண்டு டேக்குகளை இன்ஜினியர் தவறுதலாகச் சேர்த்து ஓட்டிவிட, கேய்க்கு அது பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார். பாட்டுகளும் ஒன்றுக்குள் ஒன்று நழுவிப் போகும், ஷஃபிளில் போட்டால் நறுக்கென்று அறுந்துவிடும். "உன்னதம்", "காலத்தை வென்றது" என்று பத்தி பத்தியாக அளப்பவரை விட, இந்த ஒரு விஷயத்தைச் சொல்லும் விமர்சகர்தான் எனக்கு வேண்டும்.

அப்புறம், ரசனை ஒத்துப்போகாத விமர்சகர் ஒருவரையும் கூடவே பின்தொடருங்கள். நான் வாசிக்கிற ஒருவர் எட்டு நிமிடப் பாட்டு என்றாலே எரிந்து விழுவார். அவர் "இழுவை" என்று எழுதினால் அன்றிரவே கேட்டுவிடுவேன், இதுவரை பெரிதாக ஏமாந்ததில்லை.