ஆராய்ச்சிப் பாதுகாப்பு பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்வது எப்படிப்பட்ட வேலை? வன்னியிலிருந்து ஒரு பதில்

கேள்வி: கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் இறுதி ஆண்டு படிக்கிறேன். விஞ்ஞான ஆராய்ச்சிப் பாதுகாப்பு பற்றி அரசுக்குக் கொள்கை ஆலோசனை சொல்லும் வேலை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதில் உண்மையில் என்ன செய்வார்கள்? எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது பொருந்துமா?

பதில்:

நான் பிறந்தது விசுவமடு, படித்தது மண் இரசாயனவியல், இப்போது இருப்பது வவுனியா. வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து செய்யும் ஆராய்ச்சிகள் பற்றி ஓர் அமைச்சுக்குக் குறிப்பு எழுதிக்கொடுப்பவர்களில் நானும் ஒருத்தி. ஆராய்ச்சிப் பாதுகாப்பு என்றால், ஆராய்ச்சியின் தரவும் மாதிரியும் அறிவும் தவறான கைகளுக்குப் போகாமல் காப்பது. ஒற்றர்களைத் துரத்தும் வேலை என்று நினைத்து வந்தால் முதல் மாதமே அலுத்துவிடும். மற்றவர்கள் முழுதாக வாசிக்காமல் கையெழுத்து வைத்த தாள்களை முழுதாக வாசிப்பதுதான் பெரும்பகுதி.

உலகத்தில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்பதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கனடா 2024 ஜனவரியில் பாதுகாப்புக் கருதிக் கவனமாகக் கையாளவேண்டிய தொழில்நுட்பத் துறைகளின் பட்டியல் ஒன்றையும், கவனிக்க வேண்டிய வெளிநாட்டு ஆய்வு நிறுவனங்களின் பட்டியல் ஒன்றையும் வெளியிட்டது. அந்த நிறுவனங்களோடு தொடர்புள்ளவர்கள் அந்தத் துறைகளில் கூட்டாட்சி அரசின் ஆய்வு நிதியைப் பெற முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 மே மாதம் தன் உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரை ஒன்றை ஏற்றுக்கொண்டது. நெதர்லாந்து 2022 ஜனவரியில் திறந்த ஏற்பாடுதான் எனக்கு மிகவும் பிடித்தது: ஒரு வெளிநாட்டுக் கூட்டு பற்றிச் சந்தேகம் வந்தால் பல்கலைக்கழகங்களும் ஆய்வாளர்களும் போய்க் கேட்பதற்கு ஓர் அரசுச் சாளரம். கேட்டவருக்கு ஆலோசனை கிடைக்கும், முடிவு அவரவர் நிறுவனத்தின் கையில்.

இவையெல்லாம் தங்களிடம் இருக்கும் உயர்ந்த தொழில்நுட்பம் வெளியே போய்விடுமோ என்று அஞ்சும் நாடுகளின் ஏற்பாடுகள். எங்களிடம் கணினிச் சில்லு செய்யும் இரகசியம் எதுவும் இல்லை. வன்னியிலிருந்து வெளியே போவது கிணற்று நீர், இரத்தம், மூலிகை, கடலடித் தரவு, போரைக் கண்ட மனிதர்களின் வாக்குமூலம். அந்த நாடுகளின் பட்டியல்களை இங்கே அப்படியே ஒட்டுவதை நான் ஏற்பதில்லை. ஏழை நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வருகிற எல்லாக் கூட்டும் தேவை. நாங்கள் மாட்டுவது, கொடுக்கிற பொருளின் பெறுமதி தெரியாமல் கொடுப்பதில்.

சிறுநீரக நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் உறுதிப்படாத அந்த நாட்பட்ட நோய் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளிலும் இருக்கிறது. கடின நீர், புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலில் உடல் வற்றுவது என்று பல ஐயங்கள் உண்டு, முடிந்த முடிவு இல்லை. ஆகவே மாதிரி எடுக்க ஆட்கள் வருகிறார்கள், வரவும் வேண்டும். என் பெரியம்மா வீட்டுக்கும் வந்தார்கள். கிணற்று நீர், சிறுநீர், இரத்தம் மூன்றும் எடுத்தார்கள். பிறகு நான் போனபோது பெரியம்மா கேட்டது இதுதான்: "எல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள் பிள்ளை. இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா, கூடாதா என்று சொல்ல ஒருவரும் திரும்பி வரவில்லையே?"

அந்தத் திட்டத்தின் உடன்படிக்கை பின்னர் வேறு ஒரு காரணத்துக்காக என் மேசைக்கு வந்தது. மீதமுள்ள மாதிரிகளை எதிர்கால ஆய்வுக்காக வெளிநாட்டுப் பங்காளி வைத்திருக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. எவ்வளவு காலம், எந்த ஆய்வுக்கு, யாரிடம் கேட்டு என்று எதுவும் இல்லை. சிறுநீரக நோய்க்காகப் பெரியம்மா கொடுத்த இரத்தத்தை நாளைக்கு யாராவது மரபணு ஆய்வுக்கு எடுத்தால், அவர் ஒப்பமிட்ட ஆங்கிலப் படிவம் அதைத் தடுக்காது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைத் தனிக் கவனத்துக்குரிய வகையில் வைத்திருக்கிறது. ஆனால் அது முழுமையாக நடைமுறைக்கு வருவது பிற்போடப்பட்டுக்கொண்டே வந்தது. அதுவரை காவல் நிற்பது ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதிக்கும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவும் அந்த உடன்படிக்கையின் வரிகளும் மட்டுமே.

அதனால் நான் வாசிக்கும்போது முதலில் தேடும் இடங்கள் நிலையானவை. தரவின் மூலப்பிரதி யாரிடம்? உள்ளூர்ப் பல்கலைக்கழகத்திடம் முழுப் பிரதி இருக்குமா, அல்லது சுருக்க அட்டவணை மட்டுமா? மாதிரியை எப்போது அழிக்க வேண்டும்? முடிவு வெளியாகுமுன் யாருக்குத் தடுக்கும் உரிமை? பணம் தருகிற நிறுவனத்துக்குப் பின்னால் பணம் தருவது யார்? நன்கொடையாக வரும் கருவியை விற்றவர் தொலைவிலிருந்தே இயக்கிப் பார்க்க முடியுமா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டால் பீடாதிபதிகள் சிரிப்பார்கள். கருவி சும்மா வருகிறது, அதற்கும் விசாரணையா என்பார்கள். அந்தக் கருவியின் பராமரிப்பு ஒப்பந்தத்தை எடுத்து அவர்கள் முன் வாசித்துக் காட்டினால் சிரிப்பு கொஞ்சம் குறையும்.

உயிரியல் மாதிரிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. தென்னிலங்கையில் யால வனத்தில் 2023இல் பூச்சிகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் புட்டிகளில் பிடித்துவைத்திருந்த இரண்டு இத்தாலியர்கள் அகப்பட்டார்கள். 2024இல் நீதிமன்றம் அவர்களுக்கு 6 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. புட்டி கையில் இருந்ததால் பிடிக்க முடிந்தது. மரபணு வரிசையை இங்கேயே வாசித்து மின்னஞ்சலில் அனுப்பினால் எந்த விமான நிலையச் சுங்க அதிகாரி பிடிப்பார்? நீரிழிவுக்கு எங்கள் வைத்தியர்கள் கொடுத்துவந்த பொன்குரண்டி என்ற மூலிகையின் மீது யப்பானிய நிறுவனங்கள் ஆக்கவுரிமை எடுத்த கதை பழையது. அப்போதாவது வேரோ தண்டோ கப்பல் ஏறவேண்டியிருந்தது. எண்முறை மரபணு வரிசைகளால் பயனடைவோர் பங்களிக்க உலக நிதியம் ஒன்றை அமைக்க 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் உயிர்ப்பல்வகைமை மாநாடு முடிவுசெய்தது. பங்களிப்பு விருப்பத்தின் பேரில் என்பதால் நான் அதை நம்பிக் கணக்குப் போடுவதில்லை.

இனி, எனக்கு இந்த வேலையில் நித்திரை கெடும் பகுதி. 2009க்குப் பிறகு வன்னி மக்களிடம் கேள்விக்கொத்து நீட்டாத ஆய்வு நிறுவனம் குறைவு. மனநலம், மீள்குடியேற்றம், காணி, வாழ்வாதாரம், காணாமல் ஆக்கப்பட்டோர். கேட்டவர்களில் மிக நல்லவர்களும் இருந்தார்கள். ஆனால் ஒரு தாயின் பெயர், அவர் தேடும் மகனின் பெயர், வீட்டின் ஜீபீஎஸ் புள்ளி, தடுப்பில் இருந்த உறவினர் விபரம் எல்லாம் ஒரே அட்டவணையில், கடவுச்சொல் இல்லாத கோப்பாக, கைமாறிக் கைமாறிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அது கசிந்தால் தேசிய நலனுக்குப் பாதிப்பு என்று கோப்பில் எழுதுவார்கள். பாதிப்பு அந்தத் தாய்க்கு. என் குறிப்புகளில் அவரை முதல் பந்தியிலேயே வைக்கிறேன், செயலாளர்கள் பெரும்பாலும் முதல் பந்தியைத் தாண்டுவதில்லை என்பதால்.

இதற்கு மருந்தாகச் சிலர் சொல்வது, வடக்கில் நடக்கும் எல்லாக் கள ஆய்வுக்கும் பாதுகாப்புத் தரப்பின் முன் அனுமதி வேண்டும் என்பது. நான் கூட்டங்களில் எதிர்த்திருக்கிறேன், இனியும் எதிர்ப்பேன். ட்ரோன் பறக்கவிடுவதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடமும் பாதுகாப்பு அமைச்சிடமும் அனுமதி எடுக்கவேண்டும் என்பது வேறு. அதற்கு நியாயம் இருக்கிறது. கேள்விக்கொத்தோடு நெடுங்கேணிக்குப் போகும் ஒரு மாணவியை, யார் அனுப்பியது, ஏன் கேட்கிறாய் என்று சிவில் உடையில் வந்தவர்கள் நிறுத்தும் பழக்கத்துக்குச் சட்ட முத்திரை குத்துவது முற்றிலும் வேறு. அதற்குப் பிறகு அந்த மாணவி இலகுவான தலைப்பாகப் பார்த்து மாற்றிக்கொள்வாள். கசிவு நிற்காது, ஆராய்ச்சிதான் நின்றுபோகும்.

அமெரிக்கா இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. 2018இல் அதன் நீதித்துறை சீனாவைக் குறிவைத்துத் தொடங்கிய முன்னெடுப்பில் சீன வம்சாவளிப் பேராசிரியர்கள் பலர் வழக்குகளில் மாட்டினார்கள். ஒருவர் 2021இல் விடுதலையானார், இன்னொருவர் மீதான வழக்கு 2022 ஜனவரியில் கைவிடப்பட்டது, அடுத்த மாதம் அந்த முன்னெடுப்பையே மூடினார்கள். பிறப்பைப் பார்த்துச் சந்தேகிப்பது எங்கே போய் முடியும் என்று வன்னியில் எவருக்கும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. கொழும்புக் கூட்டங்களில் சில சமயம் தேவைப்படுகிறது.

செய்திகளில் அதிகம் அடிபட்டது கப்பல்கள். 2022 ஓகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைக்கு வந்தது, 2023 ஒக்டோபரில் சீனாவின் ஷி யான் 6 கொழும்புக்கு வந்தது, இந்தியா முகம் சுளித்தது, 2024 தொடக்கத்திலிருந்து ஓராண்டுக்கு வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு இலங்கை தடை போட்டது. இராஜதந்திரத்துக்கு அது உதவியிருக்கலாம். கொள்கை என்று பார்த்தால் அது சோம்பேறித்தனம், ஏனென்றால் சட்டக் கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஐநா கடற்சட்டச் சமவாயத்தின் 246ஆம் உறுப்புரை எங்கள் தனிப் பொருளாதாரக் கடல் வலயத்தில் ஆய்வு செய்ய எங்கள் சம்மதம் வேண்டும் என்கிறது. 248ஆம் உறுப்புரையின்படி 6 மாதம் முன்னரே விபரம் தரவேண்டும். 249ஆம் உறுப்புரை எங்கள் விஞ்ஞானி கப்பலில் இருக்கவும் தரவையும் மாதிரியையும் பெறவும் உரிமை தருகிறது. மன்னார்ப் படுகையில் 2011இல் இயற்கை வாயு கண்டார்கள். அந்தக் கடலடியின் வரைபடம் எவ்வளவு பெறுமதியானது என்று சொல்லத் தேவையில்லை. கேட்கவேண்டிய கேள்வி: கப்பலில் ஏற்றுவதற்கு, வருகிற தரவைக் கரையில் வாசிப்பதற்கு எங்களிடம் எத்தனை ஆட்கள்? ஆள் இல்லாதவனுக்கு உரிமை கிடைப்பது, மாடு இல்லாதவன் பட்டி அடைத்ததுபோல.

அன்றாடம் எப்படி என்று கேட்டால், சட்டம் ஆங்கிலத்தில், கோப்பு சிங்களத்தில், மக்கள் தமிழில். மூன்றும் தெரியாமல் இங்கே பிழைக்க முடியாது. அரசு மாறினால் குழு கலையும். கலைந்த குழுவின் அறிக்கையைப் புதுக் குழு வேறு அட்டையோடு மறுபடி எழுதும். கொடுப்பனவு பற்றிப் பேசாமல் விடுகிறேன். ஏ9 வீதியில் இரவு பஸ்ஸில் நித்திரை கொள்ளப் பழகிக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் பொருந்துமா? நீங்கள் பொறியியல் என்பதால் இது வேறு பக்கத்திலிருந்தும் வரும். பிரித்தானியாவில் சில பொறியியல், பௌதிகத் துறைகளில் பட்ட மேற்படிப்புக்குப் போகும் இலங்கையர், விசாவுக்கு முன் அட்டாஸ் எனப்படும் கல்விசார் தொழில்நுட்ப அனுமதி எடுக்கவேண்டும். 2007இலிருந்து இருக்கிறது, கட்டணம் இல்லை, ஆனால் வாரக்கணக்கில் எடுக்கும். பேராசிரியர்கள் பலருக்கே தெரியாததால் எங்கள் பிள்ளைகள் கடைசி நேரத்தில் ஓடுகிறார்கள். ஆய்வுத் தலைப்பை எழுதும்போதே அதை யோசியுங்கள்.

இந்த வேலைக்கு வர நேர்வழி எதுவும் கிடையாது. உங்கள் துறையை விட்டுவிடாதீர்கள். கருவி தெரியாத ஆலோசகர் கருவியைப் பற்றி எழுதும் குறிப்பு பார்த்தவுடன் தெரிந்துவிடும். பட்டம் முடிந்து நிறுவனம் ஒன்றில் சேர்ந்தால், எவரும் விரும்பாத நெறிமுறைக் குழுவில் இடம் கேளுங்கள். இப்போதைக்கு உடன்படிக்கை வாசிக்கப் பழகுங்கள். அரச பல்கலைக்கழகங்கள் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வருகின்றன. உங்கள் பீடம் கடைசியாகச் செய்த வெளிநாட்டு உடன்படிக்கையின் பிரதியைத் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். வர்த்தக இரகசியம் என்று சில வரிகளைக் கறுப்படித்துத் தரலாம். கறுப்படித்தது தரவு உரிமை பற்றிய பந்தி என்றால் மேன்முறையீடு செய்யுங்கள்.