பெட்ரோல் கேனைக் கவிழ்த்தும் ஊற்றவில்லையா? காற்று போகும் வழியைப் பாருங்கள்

கேள்வி: "ஹூஸ்டன் பக்கம் குடியிருக்கிறோம். புல் வெட்டும் மோவருக்கும், புயல் காலத்தில் ஜெனரேட்டருக்கும் என்று 5 கேலன் பிளாஸ்டிக் கேன் ஒன்று வாங்கினேன். கட்டைவிரலால் லாக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கேனின் மூக்கை, அதாவது ஊற்றும் குழாயை, டேங்க் விளிம்பில் ஊன்றி அழுத்தினால்தான் திறக்கிறது. பெட்ரோல் முதலில் சொட்டுகிறது, அப்புறம் குபுக்கென்று கொட்டிக் கையெல்லாம் நனைகிறது. பின்பக்கம் ஓட்டை போட்டு ஒரு வால்வு வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். செய்யலாமா சார்? பெட்ரோல் பங்கில் நிரப்பும்போதும் கேன் வாயில் இருக்கும் வலை வழியாக மேலே பொங்குகிறது. அந்த வலையைப் பிடுங்கிவிடலாமா?"

பதில்: ஓட்டை போட வேண்டாம். வலையைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் உங்களைப் படுத்தும் லாக்கும், மூக்கை மூடி வைக்கும் ஸ்பிரிங்கும் இதில் முக்கியமான குற்றவாளிகள் அல்ல. கேனுக்குள் காற்று போக வழி சரியாக இல்லை, அவ்வளவுதான்.

நம் ஊர் கடைகளில் எண்ணெய் டின்னைத் திறக்கும்போது ஒரு மூலையில் ஊற்ற ஒரு ஓட்டையும், எதிர்மூலையில் காற்றுக்கு இன்னொரு ஓட்டையும் போடுவார்கள். அந்த இரண்டாவது ஓட்டைதான் உங்கள் கேனில் இல்லை. வெளியேறும் பெட்ரோலின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போயாக வேண்டும். ஒரே வாய் வழியாகப் பெட்ரோல் வெளியே வரவும் காற்று உள்ளே போகவும் முண்டும்போது ஓட்டம் நிற்கிறது, காற்றுக் குமிழி ஏறுகிறது, மறுபடி குபுக்கென்று கொட்டுகிறது.

பழைய கேன்களில் பின்பக்கம் சின்ன மூடியோடு ஒரு காற்றுத் துளை இருந்தது. அதைப் பலரும் மூட மறந்துவிடுவார்கள். வெயில் காலம் முழுக்கப் பெட்ரோல் ஆவி அதன் வழியாகக் கசியும். அந்த ஆவியில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும் உண்டு. கலிபோர்னியா 2001-இல் முதலில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2009 ஜனவரி 1 முதல் தயாராகும் கேன்களுக்கு அமெரிக்கா முழுவதும் மத்திய அரசின் விதி வந்தது. ஒரு கேலன் கொள்ளளவுக்கு ஒரு நாளைக்கு 0.3 கிராமுக்கு மேல் ஆவி வெளியேறக் கூடாது. உங்கள் 5 கேலன் கேன் என்றால் ஒன்றரை கிராம். மூக்கும் தானாகவே மூடிக்கொள்ள வேண்டும். இதற்கிடையே, 2008-இல் வந்த சட்டம் குழந்தைகள் எளிதில் திறக்க முடியாத மூடியைக் கட்டாயமாக்கியது. கட்டைவிரலைப் படுத்தும் அந்த லாக் அப்படி வந்ததுதான்.

இவை எல்லாமே வேண்டியவைதான். கராஜில் கேன் இருக்கும் வீட்டில் குழந்தைகளும் இருக்கிறார்கள். தயாரிப்பாளர்களில் பலர் இதற்கு எளிய வழியாகக் காற்றுத் துளையையே எடுத்துவிட்டார்கள். அங்கேதான் தப்பு நடந்தது. தானாக மூடிக்கொள்ளும் காற்று வால்வை விதி தடுக்கவில்லை. 2025 ஜூலையில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே தயாரிப்பாளர்களிடம் காற்று வால்வு வையுங்கள் என்று வலியுறுத்தியது. இத்தனைக்கும் 1930-களில் ஜெர்மனியில் வடிவமைத்த 20 லிட்டர் ஜெர்ரி கேனின் கழுத்திலேயே காற்றுக்கென்று தனிக் குழாய் இருந்தது. தீர்வு தெரிந்த ஒரு பிரச்சினைக்காக மக்கள் இத்தனை வருடம் கையில் பெட்ரோல் கொட்டிக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, இருக்கிற கேனை வைத்து என்ன செய்யலாம்?

மூக்கைக் கழற்றி வெளிச்சத்தில் நுனியைப் பாருங்கள். பல மூக்குகளில் பெரிய வழிக்குப் பக்கத்திலேயே ஒல்லியாக ஒரு குழாயோ பள்ளமோ ஓடும். அதுதான் காற்றுவழி. டேங்க் நிரம்பி அந்த நுனி பெட்ரோலில் மூழ்கியதும் காற்று நின்று, ஓட்டமும் தானாக நிற்கும் என்பது கணக்கு. கேனைச் சாய்க்கும்போது இந்தக் காற்றுவழி மேல்பக்கம் இருக்க வேண்டும். கீழ்ப்பக்கம் மாட்டிக்கொண்டால் பெட்ரோல் முதலில் அதற்குள்தான் நிறையும், காற்று போகாது. கழுத்து வளையத்தைத் தளர்த்தி, மூக்கைத் திருப்பி, சரியான நிலையில் வைத்து இறுக்குங்கள். "கேனே சரியில்லை" என்று தூக்கிப் போட நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.

மூக்கு கையில் இருக்கும்போதே வாஷரையும் பாருங்கள். பல கேன்கள் கடைக்கு வரும்போது மூக்கு தலைகீழாக உள்ளே இருக்கும். அதை எடுத்து மாட்டும்போது வாஷர் கோணலாக உட்காரும், அல்லது உள்ளேயே தங்கிவிடும். கழுத்தில் கசிந்து கை நனைவதற்கு அநேகமாக இதுதான் காரணம். வாஷர் உப்பிப்போயிருந்தால் அந்த மாடலுக்கு உரியதையே வாங்கிப் போடுங்கள். குழாய்க்குப் போடும் சாதாரண ரப்பர் பெட்ரோலில் ஊறிக் கெட்டுவிடும்.

அடுத்தது அழுத்தம். ஹூஸ்டன் வெயிலில் கேன் பலூன் மாதிரி உப்பி நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே ஆவி அழுத்தத்தில் இருக்கிறது. அப்படியே கவிழ்த்துத் திறந்தால் முதலில் பீச்சித்தான் அடிக்கும். கேனை நிழலில், தரையில் நேராக வைத்து, முகத்தை விலக்கிக்கொண்டு, மூக்கை ஒரு தடவை மெதுவாகத் திறந்து புஸ்ஸென்று போவதை விடுங்கள். மூடிவிட்டு அப்புறம் ஊற்றுங்கள். பக்கத்தில் அடுப்பு, சிகரெட், ஓடும் எஞ்சின் எதுவும் இருக்கக் கூடாது.

எடையையும் யோசியுங்கள். 5 கேலன் என்பது கிட்டத்தட்ட 19 லிட்டர். பெட்ரோல் மட்டுமே 14 கிலோ வரும். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்பிரிங்கையும் அழுத்துவது யாருக்கும் கஷ்டம்தான். மோவருக்கு 2 கேலன் கேன் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மூக்கை விளிம்பில் ஊன்றி அழுத்துவதைவிட, கட்டைவிரல் பொத்தானால் திறக்கும் வகை நல்லது. எவ்வளவு ஊற்றுகிறது என்பது உங்கள் கையில் இருக்கும், நுனியையும் கண்ணால் பார்க்கலாம். பெரிய கேனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்ற, நுனியில் சின்ன உருண்டை வால்வு வைத்த, குலுக்கினால் வேலை செய்யும் சைஃபன் குழாய் கிடைக்கும். கேனை உயரத்தில் வைத்து, குழாய் நுனியை உள்ளே விட்டு மேலும் கீழும் ஆட்டினால் தானாக இறங்கும். வாயால் மட்டும் உறிஞ்சாதீர்கள். கொஞ்சம் பெட்ரோல் நுரையீரலுக்குள் போனாலும் ஆபத்து.

ஓட்டை போடும் யோசனைக்கு வருகிறேன். துளைக்கும்போது பிளாஸ்டிக் துருவல் உள்ளே விழும். அது கடைசியில் மோவரின் கார்புரேட்டரில் போய் அடைக்கும். அது சின்ன விஷயம். அந்த மெல்லிய சுவரில் செருகிய வால்வு, கேன் உப்பிச் சுருங்க உப்பிச் சுருங்க, ஒரு நாள் இடம் கொடுத்துவிடும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போய்க் கலையாமல் தரையோடு தவழும். டெக்சாஸில் கராஜிலேயே கேஸ் வாட்டர் ஹீட்டர் இருக்கும் வீடுகள் உண்டு. அதன் சின்னச் சுடர் வரைக்கும் அந்த ஆவி போய்ச் சேர்ந்தால் போதும். அன்பாகத்தான் சொல்லியிருப்பார், ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் யோசனை இந்த விஷயத்தில் வேண்டாம்.

வலை பற்றிக் கேட்டீர்கள். அது குப்பையை வடிகட்ட வைத்தது அல்ல, தீயைத் தடுக்க வைத்தது. ஆவியில் பற்றிய தீ வாய் வழியாக உள்ளே பாயும்போது, வலையின் கம்பிகளும் துளைகளும் வெப்பத்தை உறிஞ்சிச் சுடரை அணைத்துவிடும். ஒரு காலத்தில் அமெரிக்காவில் கேன் தயாரிப்பில் முன்னணியில் இருந்த, ஓக்லஹோமாவைச் சேர்ந்த பிளிட்ஸ் நிறுவனம், கேனுக்குள் தீ பாய்ந்து மக்கள் கருகிய வழக்குகளின் சுமையால் 2012-இல் மூடப்பட்டது. 2020-இல் வந்த சட்டத்தின்படி, 2023 ஜூலை 12-க்குப் பிறகு தயாராகும் கேன்களில் தீத்தடுப்பு கட்டாயம். நிரப்பும்போது பொங்குவதற்கு வலையைக் குறை சொல்லாமல் வேகத்தைக் குறையுங்கள். பங்க் நாஸிலைச் சாய்த்து, கேன் வாயின் விளிம்பைத் தொட்டபடி பிடித்து, லேசாக மட்டும் அழுத்துங்கள். கேன் தரையில் இருக்க வேண்டும். பிக்கப் வண்டியின் பிளாஸ்டிக் விரிப்பிலோ கார் டிக்கியிலோ வைத்து நிரப்பினால் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லாமல் பொறி பறக்கலாம். விளிம்பு வரை நிரப்பாமல், ஆவி விரிய மேலே கொஞ்சம் இடம் விடுங்கள்.

புதிதாக வாங்குவதாக இருந்தால், உலோகத்தால் ஆன 'டைப் 2' பாதுகாப்புக் கேனைப் பாருங்கள். நிரப்ப ஒரு வாய், ஊற்ற வளையும் குழாயோடு தனி வாய். கைப்பிடியில் உள்ள விசையை இழுத்தால் ஊற்றும் வழியோடு காற்றுவழியும் சேர்ந்து திறக்கும், விட்டால் மூடும். விலை கூடுதல்தான், ஆனால் பல வருடம் உழைக்கும். அகல வாயோடு சதுரமாக, 'யுடிலிட்டி ஜக்' என்ற பெயரில் விற்பவை பெட்ரோல் வைக்க அங்கீகாரம் பெற்றவை அல்ல. நன்றாக ஊற்றும், ஆனால் வீட்டில் வைக்காதீர்கள்.

2024 ஜூலையில் பெரில் புயல் வந்தபோது ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளுக்குக் கரண்ட் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அப்படி ஒரு நேரத்தில், இருட்டில், அவசரத்தில் ஊற்றும்போதுதான் கை தவறும். ஜெனரேட்டரை நிறுத்தி, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே ஊற்றுங்கள். ஜெனரேட்டரைக் கராஜுக்குள் ஓட்டவே கூடாது. கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வந்துவிடும்.

புயல் காலம் நவம்பர் 30-இல் முடியும். எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் கிடந்தால் கெட்டுப்போகும். அதனால் மிச்சத்தைக் காரில் ஊற்றித் தீர்த்துவிடுங்கள். டேங்க் வாயில் திருகு மூடிக்குப் பதிலாகத் தள்ளினால் திறக்கும் தகடு உள்ள கார் என்றால், கேன் மூக்கால் அந்தத் தகட்டைத் தள்ள முடியாமல் போகலாம். அதற்கென்றே ஒரு புனலைப் பல கார்களில் டிக்கியில், ஸ்டெப்னி பக்கத்தில் வைத்திருப்பார்கள். தேடிப் பாருங்கள்.