பிடிஜிஎஃப் கொடுத்தும் ஆக்டின் குறையவில்லையா?

ரத்தக்குழாய் தசைச் செல்களுக்கு பிடிஜிஎஃப்-பிபி என்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தும், அவை சுருங்க உதவும் ஆல்ஃபா ஆக்டின் புரதத்தின் மரபணுச் செயல்பாடு குறையவில்லை என்று எழுதியிருந்தீர்கள். செல்களை 10 சதவீத சீரத்தில் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) வைத்ததுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். சீரத்திலேயே பிடிஜிஎஃப் இருக்கிறது; ஒப்பீட்டுச் செல்களும் ஏற்கெனவே ஓரளவு மாறியிருக்கும். முதலில் 24 முதல் 48 மணி நேரம் சீரம் இல்லாமல் வையுங்கள்.

செல் சுருங்குவதற்கான மரபணுக்களை இயக்குவது எஸ்ஆர்எஃப், மயோகார்டின் என்ற புரத ஜோடி. பிடிஜிஎஃப் வந்ததும் ஈஆர்கே என்ற நொதி போய் எல்க்-1 என்ற புரதத்தின் மீது பாஸ்பேட் ஏற்றுகிறது; அந்த எல்க்-1 மயோகார்டினைத் தள்ளிவிட்டு எஸ்ஆர்எஃபைப் பிடித்துக்கொள்கிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு! கேஎல்எஃப்4 என்ற புரதமும் கூடிவந்து அந்த மரபணுக்களை அடக்குகிறது. கேஎல்எஃப்4-ஐ முதல் சில மணி நேரத்திலேயே அளந்து பாருங்கள்.

ஆக்டின் புரதம் மெதுவாகத்தான் குறையும், ஆர்என்ஏவை நம்புங்கள். அப்புறம், பலமுறை பிரித்து வளர்த்த செல்கள் வேண்டாம். அவை தாமாகவே சுருங்கும் தன்மையை இழந்திருக்கும்.