பொண்ணுக்கு லேப்டாப்லயே வைத்தியமா?

கேள்வி: வணக்கம் டாக்டர், எனக்கு மதுரை, இப்ப நியூஜெர்சில பொண்ணு வீட்ல இருக்கேன். அவளுக்கு டிப்ரஷன். வாரத்துல 3 நாள் சாயங்காலம் 6 மணிக்கு ரூம் கதவ சாத்திட்டு லேப்டாப் முன்னாடி உக்காந்தா 9 மணிக்குத்தான் எந்திரிக்கிறா, கேட்டா ஐஓபிங்கறா. ஆரம்பிக்கும்போதெல்லாம் வீட்டு அட்ரஸ வேற சொல்றா. இதெல்லாம் ஒரு வைத்தியமா? அடுத்த மாசம் ஊருக்கு கூட்டிட்டுப் போயிட்டா அங்கருந்தே பாத்துக்கலாமா? அவ டாக்டர்கிட்ட நான் பேசலாமா?

பதில்: வைத்தியமேதாம்மா. ஆஸ்பத்திரில படுக்க வைக்கற அளவுக்கு ஆபத்து இல்ல, ஆனா வாரம் ஒருதடவ கவுன்சிலிங் போனா பத்தாது, அப்படி நடுவுல இருக்கறவங்களுக்குத்தான் ஐஓபி, அதாவது இன்டென்சிவ் அவுட்பேஷண்ட் ப்ரோக்ராம், ஆஸ்பத்திரில தங்காம எடுத்துக்கற தீவிர சிகிச்சை. வாரத்துக்கு குறைஞ்சது 9 மணி நேரம்ங்கறது அங்க வழக்கமான கணக்கு, வயசானவங்களுக்கான மெடிகேர் இன்சூரன்ஸ்லயே 2024 ஜனவரிலருந்து இத சேத்துட்டாங்க. பெரும்பாலும் குரூப்பா உக்காந்து பேசறது, நடுநடுவுல தனியா தெரபிஸ்ட், மாத்திரைக்கு டாக்டர். கொரோனா வந்தப்ப பல இடத்துல இத வீடியோவுக்கு மாத்துனாங்க, வேலைக்குப் போறவங்களுக்கு அலைச்சல் மிச்சம்ங்கறதால அப்படியே நின்னுடுச்சு.

அட்ரஸ் கேக்கறது சும்மா இல்ல. நடுவுல அவங்களுக்கு ஏதாவது ஆபத்துன்னா ஆம்புலன்ஸ எங்க அனுப்பறதுன்னு தெரியணுமே. நீங்க ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க, பாசத்துல காபி டம்ளரோட உள்ள போயிடாதீங்க, ஸ்க்ரீன்ல அவள மாதிரியே இன்னும் பலபேர் மனசத் தொறந்து பேசிட்டு இருப்பாங்க, அவங்க மூஞ்சியெல்லாம் உங்க கண்ணுல படக்கூடாது.

ஊருக்கு வந்து தொடர்றது நடக்காதுன்னே வச்சுக்கோங்க. நோயாளி எந்த மாநிலத்துல உக்காந்திருக்காங்களோ அந்த மாநில லைசென்ஸ் தெரபிஸ்ட்டுக்கு வேணும், பக்கத்துல பென்சில்வேனியா போனாலே கேள்வி வரும், மதுரைக்கு எங்க? அதோட அங்க சாயங்காலம் 6 மணின்னா நம்மூர்ல விடியக்காலம் மூன்றரை, குளிர்காலத்துல நாலரை. தூக்கம் கெட்டா டிப்ரஷன் ஏறும். நம்ம அரசாங்கத்தோட டெலி மனாஸ் 14416 நம்பர்ல தமிழ்லயே பேசலாம், நல்ல விஷயம், ஆனா அது போன் ஹெல்ப்லைன், ஐஓபிக்கு பதிலா ஆகாது. என்னக் கேட்டா ப்ரோக்ராம் முடியட்டும், முடிஞ்சா உங்க டிக்கெட்ட தள்ளிப் போடுங்க.

ஆனா சாப்பாட்ட விட்டுட்டா, கேமராவ ஆஃப் பண்ணியே வைக்கறா, செத்துடலாம்னு பேசறான்னா வீடியோ பத்தாது, உடனே அவ டீமுக்கு சொல்லணும், அவசரம்னா 988 (அமெரிக்காவோட தற்கொலை தடுப்பு ஹெல்ப்லைன்), உயிருக்கே ஆபத்துன்னா 911 (அங்கத்த ஆம்புலன்ஸ், போலீஸ் அவசர நம்பர்).

டாக்டர்கிட்ட பேசறதுக்கு பொண்ணு சம்மதிச்சு கையெழுத்து போட்டுட்டா நல்லது, இல்லன்னா அவளப் பத்தி பெரும்பாலும் எதுவும் சொல்ல மாட்டாங்க, கோவப்படாதீங்க. ஆனா நீங்க வீட்ல பாத்தத சொன்னா அவங்க கேட்டுக்கறதுக்கு தடை இல்ல, ஃபோன் பண்ணி சொல்லுங்க, சொல்லப்போறேன்னு பொண்ணுகிட்டயும் முன்னாடியே சொல்லிடுங்க.